மழை, மண், தடுப்புச்சுவர்: வாசகர் கேள்விகள்

'நாளை 20 செ.மீ. மழை பெய்யலாம்' என்கிறது செய்தி. எங்கள் மொட்டை மாடிக்கு அது எவ்வளவு தண்ணீர்?
– வாசகி, நாகர்கோவில்

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை விழுந்தால் 1 லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர். ஆக, 20 செ.மீ. பெய்தால் 18,600 லிட்டர். ஒன்றரை லாரித் தண்ணீர். அது ஒரு நாள் முழுக்கச் சொட்டினால் குழாய் தாங்கும், மூன்று மணி நேரத்தில் கொட்டினால் தாங்காது. வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5-லிருந்து அதிகனமழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. ஆய்வு மையத்தின் 'ஒரு நாள்' காலை 8.30-லிருந்து மறுநாள் காலை 8.30 வரை.

வீட்டிலேயே அளக்கலாம். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள பாத்திரத்தைத் திறந்தவெளியில் வைத்து, ஸ்கேலை விட்டுப் பாருங்கள். வாளி வேண்டாம்; அடி குறுகியிருப்பதால் பெய்ததை விடக் கூட்டிக் காட்டும்.

வீட்டுக்குப் பின்னால் மேட்டை வெட்டி 12 அடி உயரத்தில் கருங்கல் தடுப்புச்சுவர் கட்டியிருக்கிறோம். போன மழையில் நடுவே வயிறு தள்ளிவிட்டது. சுவர்த் துளைகளில் சேறு வழிகிறதென்று மேஸ்திரி சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார். மேலே ஒரு பூச்சு கொடுத்தால் போதுமா?
– வாசகர், கோத்தகிரி

பூச்சு எதையும் தாங்காது. துளையை அடைத்ததோ இருந்த ஆபத்தைக் கூட்டிவிட்டது.

தடுப்புச்சுவரைப் பெரும்பாலும் மண் மட்டும் தள்ளிச் சாய்ப்பதில்லை, மண்ணுக்குள் தேங்கும் தண்ணீர்தான் சாய்க்கிறது. 12 அடி என்பது சுமார் 3.6 மீட்டர். பின்னால் ஈரமில்லாத மண் மட்டும் இருந்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறத்தாழ 4 டன் தள்ளும். அதே மண்ணில் தண்ணீர் உச்சிவரை நின்றால் 8 டன்னைத் தாண்டும். அதில் 6.5 டன் தண்ணீருடையது. துளைகள் இருப்பது இந்தத் தண்ணீரை வெளியேற்றத்தான். அடைமழையில் துளையில் நீர் வழிந்தால் கவலை வேண்டாம். காய்ந்து கிடந்தால்தான் யோசிக்க வேண்டும்.

சேறு வந்ததற்குக் காரணம், சுவருக்குப் பின்னால் வடிகட்டி இல்லாதது. சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் துணி (நீரை விட்டு மண்ணைத் தடுப்பது) விரித்திருக்க வேண்டும். கட்டும்போது செலவை மிச்சப்படுத்த எல்லோரும் முதலில் விடுவது இதைத்தான். துளைக்கு 3 அங்குல பிவிசி குழாய், வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக, ஐந்தடிக்கு ஒன்று, வரிசைக்கு வரிசை மாற்றி மாற்றி. கடைசி வரிசை தரையிலிருந்து அரையடிக்கு மேல்.

உங்கள் சுவர் ஏற்கெனவே நகர்ந்துவிட்டது. எனவே மழைக்காலம் முடியும்வரை பின்னறையில் யாரும் படுக்க வேண்டாம். சுவரடியில் நின்று துளையிடுவதோ, அடியில் பள்ளம் தோண்டுவதோ கூடவே கூடாது. இப்போது செய்யக்கூடியது, தண்ணீர் அங்கே போகாமல் பார்ப்பது. கூரைத் தண்ணீரைக் குழாய் வழியாகத் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். மேல்வீட்டின் கழிவுநீர் உறிஞ்சுகுழி மேட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள்; பல இடங்களில் வருடம் முழுக்க மண்ணை ஊறவைப்பது அதுதான். மேட்டின் தலைப்பில் விரிசல் தெரிந்தால், சரிவு ஓய்ந்திருக்கும் வறண்ட நேரத்தில் களிமண் திணித்துத் தார்ப்பாய் போடுங்கள். விரிசலின் இருபுறமும் முளை அடித்து இடைவெளியைக் குறித்து வையுங்கள். இடைவெளி கூடிக்கொண்டே போனால் வீட்டைக் காலிசெய்யுங்கள். மழை ஓய்ந்ததும் ஒரு கட்டுமானப் பொறியாளரிடம் காட்டி, தள்ளிய பகுதியை மேலிருந்து பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும். மேலே வெட்டும் நீர்வாய்க்காலுக்குச் சிமென்ட் தளம் அவசியம். வெறும் மண் வாய்க்கால் மேட்டுக்குள்ளேயே தண்ணீரை இறக்கும்.

வெட்டிவேர் நட்டால் நிலச்சரிவு நிற்குமா?
– வாசகர், ஏற்காடு

மேல்மண் அரிப்பு நிற்கும். இரண்டு மூன்று மீட்டர் ஆழம்வரை வேர் பிடிக்கும். சரிவு அதற்கும் கீழே வழுக்கினால், வெட்டிவேரும் சேர்ந்தே வரும்.

மண்சரிவு எச்சரிக்கையில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வருகிறது. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கும் நாங்கள் எந்த நிறத்தில் வெளியேற வேண்டும்?
– வாசகி, பதுளை

இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவைக் கொண்டே இதைச் சொல்கிறது. 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு (மஞ்சள்), 100 என்றால் தயார்நிலை (செம்மஞ்சள்). 150 ஆனாலோ, ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ வெளியேற வேண்டும் (சிவப்பு). சிவப்பு அறிவிப்பு வந்துசேர நேரமாகலாம்; முதல் பதிலில் சொன்ன பாத்திரம் உங்கள் லயத்து வாசலிலேயே இருக்கட்டும். நிறம் எதுவானாலும் தரையில் புதிய வெடிப்பு, கதவு இறுகுதல், மரமோ கம்பமோ சாய்தல், புதிதாக ஊற்று கிளம்புதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் கிளம்பிவிடுங்கள். 2014 அக்டோபர் 29 அன்று உங்கள் மாவட்டத்து மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தது காலை நேரத்தில். இரவில் மட்டும் விழித்திருந்தால் போதாது. மழை விட்டதும் உடனே திரும்பவும் வேண்டாம். மண்ணுக்குள் இறங்கிய நீர் வடிய நாளாகும். அனர்த்த முகாமைத்துவ (பேரிடர் மேலாண்மை) நிலையத்தின் எண் 117.

எங்கள் வீடு சரிவில் இல்லை, ஓடையருகே சமதளத்தில்தான். உருள்பொட்டல் (மலையிலிருந்து பாறையும் சேறுமாக வரும் மண்சரிவு) எங்களையும் தொடுமா?
– வாசகர், பந்தலூர்

தொடும். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மண் கிளம்பியது கடல்மட்டத்துக்கு 1,550 மீட்டர் உயரத்தில். பாறையும் சேறுமாக ஆற்றுவழியே சுமார் 8 கி.மீ. ஓடியது. முண்டக்கையும் சூரல்மலையும் அந்த ஆற்றுவழியில் இருந்த ஊர்கள். ஆகவே மலையேறிப் பார்க்க முடியாவிட்டாலும் ஓடையைப் பாருங்கள். அடைமழையில் தண்ணீர் திடீரென்று குறைந்தால் மேலே எங்கோ அடைத்திருக்கிறது. திடீரென்று செம்மண் நிறமாகி மரக்கிளைகள் வந்தால் மேலே மண் சரிந்திருக்கிறது. இரண்டிலும் ஓடையோடு கீழ்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் மேடேறுங்கள். உதவிக்கு மாவட்ட அவசர எண் 1077.

கிணற்றுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போட வேண்டும்?
– வாசகி, தாம்பரம்

விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 785-ஆலும் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும் (அளவுகள் மீட்டரில்). 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் நீர் என்றால் ஏறத்தாழ 28,000 லிட்டர். வழக்கமாக ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம், வெள்ளத்துக்குப் பிறகு 5 கிராம். உங்களுக்கு 140 கிராம். பவுடரை அப்படியே கொட்டாதீர்கள். வாளியில் கொஞ்சம் நீர் விட்டுக் கூழாக்கி, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுவிட்டு, தெளிந்ததை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, நீருக்கடியில் மேலும் கீழும் அசையுங்கள். ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் இறைக்க வேண்டும். பழைய பாக்கெட் வேலைக்காகாது. திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், மூக்கைத் துளைக்கும் வாடை இல்லாவிட்டால் புதிதாக வாங்குங்கள். குடிக்கும் தண்ணீரை அதற்குப் பிறகும் கொதிக்கவைத்தே குடியுங்கள்.