வாசகர் கேள்வி-பதில்: பயணத்தில் கண்ட அழகு நம் வீட்டுக்குப் பொருந்துமா?

கேள்வி: ஈரோட்டில் 950 சதுர அடியில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கியிருக்கிறோம். உள்ளலங்காரத்துக்கு யோசனை தேடி அடுத்த மாதம் மூன்று நாள் காரைக்குடிப் பக்கம் போகிறோம். முன்பு ராஜஸ்தான் போனபோது கைப்பேசி நிறையப் படம் எடுத்து வந்தோம். அவற்றில் ஒன்றுகூட வீட்டுக்கு உதவவில்லை. இம்முறை எதை, எப்படிப் பார்க்க வேண்டும்?
— வாசகி, ஈரோடு

பதில்: படத்தில் ஒரு பொருளின் தோற்றம் மட்டுமே பதியும். அந்தப் பொருள் அந்த இடத்தில் ஏன் அழகாக இருக்கிறது என்பதை நாம்தான் நின்று கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஓர் அளவு டேப்பையும் சிறிய குறிப்பேட்டையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். புறப்படும் முன்பே உங்கள் கூடத்தின் நீளம், அகலம், தள உயரம், சன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்பவற்றை அந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். அங்கே காணும் ஒவ்வொன்றையும் அந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பழகினால், பாதி ஆசைகள் அங்கேயே தெளிந்துவிடும்.

கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ பார்வையாளர்களை அனுமதிக்கும் வீடு ஒன்றுக்குள் நுழைந்ததும் தூண்களையும் கண்ணாடிகளையும் படமெடுக்கத் தொடங்காமல், வளவு எனப்படும் நடு முற்றப் பகுதியின் தாழ்வாரத்தில் அரை மணி நேரம் அமர்ந்திருங்கள். திறந்த முற்றத்தில் விழும் வெயில் நேரே அறைக்குள் வருவதில்லை. தரையிலும் தாழ்வாரத்திலும் பட்டுத் திரும்பி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சால் பளிங்குபோல் மினுங்கும் சுவரில் பரவி, அதன்பிறகே உள்ளே வருகிறது. பர்மா தேக்கின் கருமையும் கதவு நிலைகளின் ஆழ்ந்த நிறமும் கண்ணுக்கு இதமாக இருப்பது அந்த வெளிச்சத்தால்தான். இதை நான் தாமதமாகவே கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் அங்கே பார்த்த ஓர் அடர்பச்சை நிறத்தில் மனம் பறிகொடுத்து, வீடு திரும்பியதும் என் கூடத்தின் சுவர்களுக்கு அதையே அடித்தேன். ஒரே ஒரு வடக்குச் சன்னல் உள்ள கூடம் அது. பகலிலேயே விளக்குப் போடவேண்டியதாயிற்று. ஆறு மாதத்துக்குள் வெள்ளைக்குத் திரும்பினேன். அந்தப் பச்சையில் குறை ஏதும் இல்லை. அதைத் தாங்கி நின்ற முற்றம் என் வீட்டில் இல்லை.

தூண்களையும் இப்படியே எண்ணிப் பாருங்கள். உயர்ந்த கூரைக்காகக் கடைந்த தூணை ஒன்பதரை அடித் தளத்தின் கீழ் நிறுத்தினால், தூணும் குறுகும், அறையும் குறுகும். ஆனால் அந்த வீடுகளில் முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை கதவுகள் ஒரே நேர்க்கோட்டில் இருப்பதைக் கவனித்தீர்களானால், அந்த யோசனைக்கு ஒரு ரூபாயும் செலவாகாது. உங்கள் வீட்டு வாசற்கதவுக்கும் பால்கனிக்கும் இடையே உள்ள கோட்டில் சோபாவோ அலமாரியோ நிற்காதபடி பார்த்துக்கொண்டாலே காற்றும் பார்வையும் தடையின்றிச் செல்லும். திண்ணையின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து வாருங்கள்; பால்கனிச் சுவரோரம் அதே அளவில் ஓர் இருக்கை கட்டிக்கொள்ளலாம். விளக்குமாடம் தரையிலிருந்து எத்தனை அடியில் இருக்கிறது என்பதும் குறிக்க வேண்டிய அளவுதான்.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. 950 சதுர அடி வீட்டுக்கு மாளிகையைக் காட்டிலும் சிறிய வீடுகளே நல்ல ஆசான். சென்னைக்கு வரும் வாய்ப்பு இருந்தால் முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பியிருக்கும் அந்த வளாகத்தின் வடிவமைப்பில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கருக்குப் பெரும் பங்குண்டு. வணிகரின் பெரிய வீட்டைப் பார்த்த கையோடு அங்குள்ள காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீட்டுக்குள்ளும் சென்று, தொழிலும் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் எப்படி இடம் பகிர்ந்துகொண்டன என்று பாருங்கள். உங்களுக்கு வேண்டிய பாடம் அங்கே இருக்கும்.

கேள்வி: ஆத்தங்குடிக் கற்களை நேரில் பார்த்ததிலிருந்து அவற்றை எங்கள் வீடு முழுக்கப் பதிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நான்காம் மாடியில், தற்போதுள்ள டைல்ஸ் மேலேயே பதிக்கலாமா?
— வாசகர், சென்னை

பதில்: வீடு முழுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தக் கல் உருவாகும் முறையைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஆக்சைடு கலந்த வண்ணச் சிமென்ட் குழம்பை ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே அவ்வூர் மணலும் சிமென்டும் சேர்ந்த கலவையை இட்டு நிரப்புகிறார்கள். காய்ந்தபின் நீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை. முகப்பின் மினுமினுப்புக் கண்ணாடியிலிருந்து வந்தது. சுடாத சிமென்ட் கல் என்பதால் அது கடைகளில் கிடைக்கும் விட்ரிஃபைடு டைல்ஸைவிடத் தடிமனாகவும் கனமாகவும் இருக்கும். அடியில் போடும் கலவையோடு சேர்த்தால் தரை கணிசமாக உயர்ந்து, கதவுகளை அடியில் அறுக்க வேண்டிவரும். மேல்மாடித் தளம் அந்தக் கூடுதல் பாரத்தைத் தாங்குமா என்பதைக் கட்டுமானப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

பூசையறை, பால்கனி, வாசல் நடை என ஒரு சிறு பகுதியில், பழைய டைல்ஸை எடுத்துவிட்டுப் பதித்தால் அதன் அழகு தனித்துத் தெரியும். சமையலறையை நான் பரிந்துரைப்பதில்லை. புளி, எலுமிச்சை போன்ற புளிப்புப் பொருள்கள் சிந்தினால் சிமென்ட் மேற்பரப்பை அரிக்கும். ஆசிட் கலந்த தரைக் கழுவிகளும் கூடவே கூடாது. கையால் செய்வதால் ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் நிறம் சற்று மாறும். உடைவதற்கும் சேர்த்துக் கூடுதலாகச் சில கற்களை முதல் முறையே வாங்கி வைத்துவிடுங்கள். தினமும் வெறும் நீரில் துடைத்து, அவ்வப்போது தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் தேய்த்தால், மிதிக்க மிதிக்கப் பளபளப்புக் கூடும்.

கேள்வி: பத்மநாபபுரம் அரண்மனையின் கருந்தரையைப் போல் எங்கள் புதுவீட்டில் அமைக்க முடியுமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: முட்டை வெள்ளைக்கரு, சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு முதலியவை சேர்ந்தது அந்தத் தரை என்று சொல்லப்படுகிறது, அதை அப்படியே செய்வது எளிதன்று. கறுப்பு ஆக்சைடு கலந்த சிமென்ட் தரை அதற்கு ஓரளவு நெருங்கி வரும். தரைத்தளம் என்றால் துணிந்து செய்யலாம். ஆனால் ஆக்சைடு வேலையில் கை தேர்ந்த கொத்தனார் கிடைத்த பிறகே முடிவெடுங்கள். அடித்தளம் சரியாக இறுகாமலோ நீர்விட்டு ஈரமாக வைத்திருக்கும் நீராற்றுதல் குறைந்தோ போனால் வெடிப்பு விழும், அதை ஒட்டுப்போட்டு மறைக்க முடியாது.

கேள்வி: காரைக்குடியில் ஒரு பழைய செதுக்குக் கதவைப் பார்த்தேன். அதை வாங்கிச் சிங்கப்பூரில் எங்கள் நாலறை வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் வைக்க விரும்புகிறேன். இது சரியா?
— வாசகி, சிங்கப்பூர்

பதில்: முதலில் சட்டம். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. கதவு அந்த வகையில் சேராது என்று இந்தியத் தொல்லியல் துறை சான்று தந்தால்தான் அனுப்பலாம்; கடைக்காரரின் வாய்மொழியை நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள். மரத்தில் சிறு துளைகளும் அடியில் மாவுபோன்ற தூளும் இருந்தால் உளுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் அடுக்கி நிற்கும் கதவுகளைப் பார்க்கும்போதெல்லாம், அவை நின்ற வீடுகள் இப்போது இல்லை என்ற நினைவு எனக்கு வருத்தம் தருகிறது. கதவாகவே பயன்படுத்த இடமில்லாதபோது அதை வாங்கிச் சுவரில் சாய்த்து வைப்பதை நான் விரும்பமாட்டேன்.

நீங்கள் தேடுவது உங்கள் ஊரிலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1822-இல் வகுத்த நகரமைப்பு விதியால், கீழே கடையும் மேலே வீடுமான கடைவீடுகளின் முன்னால் தொடர்ந்து செல்லும் ஐந்தடிப் பாதை, நம் ஊர்த் திண்ணையைப் போலவே வெயிலையும் மழையையும் தடுத்து, தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே நிழல் தருகிறது. நீல் சாலையில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் பராமரிக்கும், பெரனாக்கன் எனப்படும் சீன வம்சாவளிக் குடும்பம் ஒன்றின் பழைய வீடான பாபா இல்லத்தின் உள்ளே, கூரை திறந்த காற்றுவெளி முற்றத்தின் வேலையைச் செய்கிறது. எப்போது அனுமதிக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் அங்கே போய்வாருங்கள். அதன்பிறகும் கதவின் மேல் மனம் நின்றால், உங்கள் கூடத்தின் அளவுகளையும் சன்னல் திசையையும் குறித்து எனக்கு மீண்டும் எழுதுங்கள்.