தொட்டியில் எவ்வளவு தண்ணீரோ அவ்வளவுதான் காடு

சிறு தீவுகளில் காடு வளர்ப்பு, மண் பாதுகாப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் தீவில் 20 ஹெக்டேர் தரிசு கிடக்கிறது. ஐந்து ஆண்டில் முழுவதும் மரமாக்கத் திட்டம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

நாற்றங்காலின் தண்ணீர்த் தொட்டியிலிருந்து. நிலத்தின் பரப்பை வைத்துத் தொடங்கும் திட்டம் காகிதத்தில் அழகாக இருக்கும், மூன்றாம் மாதம் நாற்றங்காலில் காய்ந்துவிடும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்து ஆண்டில் 20 ஹெக்டேர் என்றால் ஆண்டுக்கு நான்கு. இரண்டு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு 2,500 குழி, நான்கு ஹெக்டேருக்கு 10,000. பட்டுப்போகும் இடங்களில் மறுநடவுக்கு 20 சதவீதம் கூடுதலாக வையுங்கள்: 12,000 கன்று. நாற்றங்காலிலேயே நான்கில் ஒன்று அழியும் அல்லது வளைந்து நெளிந்து கழிக்கப்படும். ஆகவே 16,000 பை நிரப்ப வேண்டும். முளைப்புத்திறன் பாதி என்றால் 32,000 விதை. அதைக்கூடப் பொறுக்கிவிடலாம். பைக்கு நாளொன்றுக்குக் கால் லிட்டர் என்றால் தினம் 4,000 லிட்டர் தண்ணீர். 90 நாள் மழையில்லாமல் போனால் 3,60,000 லிட்டர்.

இப்போது கூரையைப் பாருங்கள். 100 சதுர மீட்டர் கூரை, ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் மழை, அதில் 80 சதவீதம் தொட்டிக்கு வருகிறது என்றால் கிடைப்பது 80,000 லிட்டர். அதுவும் மொத்தத்தையும் பிடித்துவைக்கத் தொட்டி இருந்தால்தான். அந்தத் தண்ணீரில் கோடையைத் தாண்டுவது ஏறத்தாழ 3,500 பை. நிலத்துக்குப் போவது ஒரு ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவு. உங்கள் தீவின் ஆண்டுத் திட்டம் அதுதான். சராசரி மழையை வைத்துக் கணக்குப் போடாமல், மழை பொய்த்த ஆண்டை வைத்துப் போடுங்கள்.

வேகம் கூட வேண்டுமென்றால் வழிகள் உண்டு. நடவுத் தேதியிலிருந்து ஆறு முதல் எட்டு மாதம் பின்னோக்கி எண்ணி, பைகள் கோடையை முழுதாகச் சந்திக்காதபடி விதைப்பைத் தள்ளிப்போடலாம். இடைவெளியை மூன்று மீட்டராக்கினால் ஹெக்டேருக்கு 1,111 குழிதான். ஆனால் நிழல் கூடுவது தாமதமாகும், களை எடுப்பு ஓராண்டாவது நீளும். பழந்தின்னிப் பறவைகள் இருக்கும் தீவில் முழு நிலத்தையும் நடத் தேவையில்லை. 10 மீட்டருக்கு 10 மீட்டர் திட்டுகளாக அங்கங்கே நட்டு, இடைவெளியைப் பறவைகளிடம் விட்டுவிடலாம். அந்த வேலையில் அவை நம்மைவிடக் கெட்டி.

இன்னொன்று. திட்டத்தில் ஆள்கூலியை எழுதும்போது, மொத்தத்தில் பாதியையாவது நட்டபின் வரும் மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்குங்கள். முதல் ஆண்டு மூன்று நான்கு முறை களை எடுக்காத நடவு, புல்லுக்கு உரம் போட்டதற்குச் சமம்.

கேள்வி: ஆடுகள் சுதந்திரமாகத் திரிகின்றன. இந்த மழையிலேயே நட்டுவிட்டு அடுத்த ஆண்டு வேலி போடலாமா?

கூடாது. ஒரே இரவில் ஓர் ஆண்டு வேலை போகும். ஆட்டுக்காரர்களோடு பேசி முடிப்பதுதான் முதல் நடவு. ஆட்களோடு ஆடுகளும் வாழும் தீவில் ஒழிப்பு பற்றிப் பேச வேண்டாம். கட்டிவைத்து, தழை வெட்டிப்போடும் முறைக்கு மாறத் தீவனத் தழைக்கென்று தனியாக நிலம் ஒதுக்குங்கள்.

ஆளில்லாத் தீவில் விலங்கை முழுதாக அகற்றுவதாக இருந்தால், அடுத்து எது கிளம்பும் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். மொரீஷியஸை அடுத்த ரவுண்ட் தீவில் 1979-இல் ஆடும் 1986-இல் முயலும் அகற்றப்பட்டன. நாட்டுச் செடிகள் எழுந்தன. கூடவே, அதுவரை மேய்ச்சலில் அடங்கியிருந்த வெளிக் களைகளும் எழுந்தன. அந்தக் களைகளை மேய, அழிந்துபோன உள்ளூர் ஆமைகளின் இடத்தை நிரப்ப 2007-இல் அல்டாப்ரா ராட்சத ஆமைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள மக்குவாரி தீவில் பூனைகளை ஒழித்தபின் முயல்கள் பெருகிச் சரிவுகளையே மொட்டையடித்தன. முயல், எலி, சுண்டெலி மூன்றும் இல்லை என்று 2014-இல்தான் அறிவிக்க முடிந்தது. எனவே எந்த வரிசையில் எதை எடுப்பது என்பதை முதலிலேயே எழுதிவையுங்கள்.

எலியை மறக்க வேண்டாம். பெரிய விதைகளை அது விதைப்பாத்தியிலேயே தின்றுவிடும். பாத்தியை ஒரு மீட்டர் உயரத் தகரக் காலில் தூக்கிவைத்து, 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலையால் மூடுங்கள், சுண்டெலியும் புகாது.

கேள்வி: மேட்டுநிலத்தில் ஒவ்வொரு மழைக்கும் செம்மண் கடலுக்குப் போகிறது. வரப்புப் போட்டோம், உடைந்து பள்ளம் இன்னும் பெரிதானது. ஏன்?

வரப்பு சமமட்டத்தில் இல்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். கண்ணால் பார்த்து ‘மட்டமாகத்தான் இருக்கிறது’ என்று போட்ட வரப்பில் ஓர் இடம் அரையடி தாழ்ந்திருக்கும். மேலே விழுந்த தண்ணீர் மொத்தமும் ஓடி அங்கே கூடும். பரவலாகப் போயிருக்க வேண்டியதை நீங்களே ஒரே வாய் வழியாக அனுப்பியதுபோல் ஆகிவிடும்.

விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். இரண்டு மீட்டர் நீளக் கம்பு இரண்டை உச்சியில் கட்டி, கால்களை விரித்து, நடுவே குறுக்குச் சட்டம் ஒன்றைக் கட்டுங்கள். உச்சியிலிருந்து கயிற்றில் அரைக்கிலோ கல்லைத் தொங்கவிடுங்கள். இலேசான கல் காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும். இனிச் சரிபார்ப்பு. இரண்டு முளை அடித்து அவற்றின் மேல் கால்களை வைத்து, கயிறு சட்டத்தைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். கருவியை அப்படியே திருப்பி, இடக்கால் இருந்த முளையில் வலக்காலை வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நட்டநடுவே கோடு கிழியுங்கள். கயிறு அந்தக் கோட்டில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். பிறகு ஒரு காலை நட்டு மறுகாலைச் சுழற்றிச் சுழற்றி நடந்துபோக வேண்டியதுதான். ஒவ்வொரு அடிக்கும் ஒரு முளை.

அந்தக் கோட்டில் மண் வரப்புக்குப் பதிலாக வெட்டிவேர் வரிசை நடுங்கள். தூரை, இரண்டு மூன்று சிம்பு உள்ள குத்துக்களாகப் பிரித்து, தழையை 20 சென்டிமீட்டருக்கும் வேரை 10 சென்டிமீட்டருக்கும் நறுக்கி, 10 முதல் 15 சென்டிமீட்டருக்கு ஒரு குத்து. வரிசைக்கு வரிசை 1.5 மீட்டர் இறக்கம் இருந்தால் போதும். 20 சதவீதச் சரிவில் அது ஏழரை மீட்டர் தூரம் வரும். முதல் பருவத்தில் செத்த குத்துக்களை உடனே மாற்றுங்கள், ஒரு சாண் இடைவெளி இருந்தாலும் தண்ணீர் அதைக் கண்டுபிடித்துவிடும். தீவு என்பதால் ஒரு நிபந்தனை: விதை கொட்டாத ரகமாகப் பார்த்து வாங்குங்கள்.

ஏற்கெனவே விழுந்த பள்ளத்துக்குக் கல் தடுப்பு. கீழ்த் தடுப்பின் தலையும் மேல்த் தடுப்பின் அடியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். 60 சென்டிமீட்டர் உயரத் தடுப்பு, 10 சதவீதச் சரிவு என்றால் ஆறு மீட்டருக்கு ஒன்று. நடுப்பகுதியை ஓரங்களைவிட 20 சென்டிமீட்டர் தாழ்த்துங்கள். இரு கரையிலும் அரை மீட்டர் உள்ளே தோண்டிக் கல்லைப் புதையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் தடுப்பைச் சுற்றிக்கொண்டு கரையை அறுக்கும். தண்ணீர் விழும் இடத்தில் தட்டைக் கல் பரப்ப மறக்காதீர்கள். மேலிருந்து கீழாக வேலை செய்யுங்கள்.

கேள்வி: பவழ மணலில் நட்ட கன்றுகளின் இளம் இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை. உரம் போட்டும் தீரவில்லை.

இரும்புச்சத்துக் குறை. பவழ மணலின் கார அமில நிலை (pH) 8-க்கு மேல் இருக்கும், அதாவது காரம் மிகுந்த மண். அந்த மண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் எடுக்க முடியாது. மண்ணில் போடும் இரும்பு சல்பேட்டும் சீக்கிரமே கட்டுண்டுவிடும், எனவே இலைக்குத் தெளியுங்கள்: லிட்டருக்கு 5 கிராம், ஓரிரு துளி சோப்புக் கரைசல், சாயங்காலம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக மூன்று தடவை. சாம்பல் போடவே போடாதீர்கள், காரம் ஏறும்.

நிரந்தரத் தீர்வு குழியில்தான். அரை மீட்டர் ஆழக் குழியில் பாதி மட்கிய தழை. மேலே ஒரு சாண் மூடாக்கு, தண்டைத் தொடாமல். சில இடங்களில் அடியில் கெட்டிப்பட்ட தட்டு இருக்கும், கடப்பாரையால் உடைக்காவிட்டால் வேர் அங்கேயே சுருண்டு நிற்கும். இந்த மண்ணை விரும்பும் மரங்களும் இருக்கின்றன: புன்னை, பூவரசு, தாழை, பன்னீர் மரம். புன்னை விதையை ஓட்டோடு போட்டால் முளைக்க இரண்டு மாதம்கூட ஆகும், ஓட்டை நீக்கினால் மூன்று வாரம்.

(அடி இலை, பழைய இலை மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறை. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.)

கேள்வி: மரம் கூடினால் கிணறு ஊறும் என்கிறார் ஒருவர், வற்றும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

இடத்தைப் பொறுத்து இருவரும். தாழ்ந்த மணல் தீவின் அடியில் நன்னீர், உப்புநீர் மேல் வில்லை போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் மட்டம் 30 சென்டிமீட்டர் நின்றால், கீழே கணக்குப்படி 12 மீட்டர் வரை நன்னீர் இருக்கும்: ஒன்றுக்கு நாற்பது. உண்மையில் நன்னீரும் உப்புநீரும் கலந்து நிற்கும் மண்டலம் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மேலே 5 சென்டிமீட்டர் குறைந்தால் கீழே இரண்டு மீட்டர் சுருங்கும் என்பதைக் கவனியுங்கள். வேர் நீர்மட்டத்தைத் தொடும் அடர்ந்த மரக்கூட்டம் நாளெல்லாம் இறைக்கும் பம்புக்குச் சமம். ஆகவே வில்லை தடித்திருக்கும் நடுப்பகுதியில், குடிநீர்க் கிணறுகளைச் சுற்றிப் புல்லும் குறுஞ்செடியும் போதும். யூகலிப்டஸ் பக்கமே போக வேண்டாம்.

மலைத்தீவின் கதை வேறு. உச்சியில் மூடுபனி தங்கும் இடமென்றால் இலைகள் பனியைச் சீவி நீராக்கும். அங்கே காடு போனால் ஓடையும் போகும். எல்லா வகைத் தீவிலும் ஒரு தவறு பொது: ‘வடிகால்’ என்று சொல்லி நடுநிலத்திலிருந்து கடலுக்கு நேராக வாய்க்கால் வெட்டுவது. மரம் குடிப்பதைவிட வேகமாக அது வில்லையை வடித்துவிடும்.

கேள்வி: மூன்று முறை கண்டல் (அலையாத்தி) நட்டோம். மூன்று முறையும் ஓராண்டுக்குள் காலி.

நட்ட இடம் தாழ்வு. ஆளில்லாத சேற்றுப்பரப்பு எளிதாகக் கிடைக்கிறது என்று அங்கே நடுவது உலகெங்கும் நடக்கும் தவறு. கண்டல் வளர்வது சராசரிக் கடல் மட்டத்துக்கும் உயர் ஓத (கடல் ஏற்ற) மட்டத்துக்கும் இடைப்பட்ட பட்டையில். மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நீரில் மூழ்கி நிற்க வேண்டும். அதற்குக் கீழே நட்டால் கொட்டலசு என்னும் ஓட்டுயிர் ஒட்டி, அலையாட்டி, மூச்சுத் திணறிச் சாகும். கடற்புல் திட்டில் நட்டிருந்தால் இரட்டை நட்டம்.

செய்ய வேண்டியது இது. அருகில் தானாக வளர்ந்த கண்டல் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். தெளிவான 20 மீட்டர் குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை அங்கும் மறுமுனையை உங்கள் நிலத்திலும் பிடித்தால் வித்தியாசம் சென்டிமீட்டரில் தெரிந்துவிடும். தூரம் கூடுதல் என்றால் இடையிடையே முளை அடித்து அந்த உயரத்தைக் கடத்திக்கொண்டு வாருங்கள். மட்டம் பொருந்தியும் கண்டல் வரவில்லையென்றால் ஓதநீர் வரும் வழியை ஏதாவது அடைத்திருக்கும்: பழைய கரை, சாலை, மூடிய குழாய். அதைத் திறந்துவிட்டு ஓராண்டு காத்திருங்கள். முளைக்காய்கள் மிதந்து வந்து தாமாகவே ஊன்றும். வராத இடத்தில் மட்டும் நடலாம்.

கேள்வி: கடலோரக் காற்றுத் தடுப்புக்குச் சவுக்கு போதுமா?

முதல் வரிசைக்கு வேண்டாம். கரை அரிக்கும்போது வேரோடு சாயும், உதிர்ந்த ஊசித்தழை கீழே எதையும் முளைக்க விடாது, ஆமைகள் முட்டையிடும் மணலைக் கெடுக்கும். மணலில் அடும்பும் இராவணன் மீசையும், அதன் பின் தாழை, அதன் பின் பூவரசு, புன்னை என நாலைந்து வரிசை. ஏறத்தாழ பாதிக் காற்று ஊடுருவிப் போகட்டும். சுவர்போல் அடைத்தால் காற்று மேலேறிப் பின்புறம் சுழன்றடிக்கும். மரத்தின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம்வரை நல்ல பாதுகாப்பு எதிர்பார்க்கலாம். முதல் இரண்டு ஆண்டு உப்புச் சாரலைத் தடுக்க, முன்னால் ஒரு மீட்டர் உயர ஓலைத் தட்டி கட்டுங்கள், நெருக்கமாக அல்ல, கண் விட்டு.

கேள்வி: பெருநிலத்துப் பண்ணையிலிருந்து கன்றாகவே கப்பலில் கொண்டுவந்தால் இரண்டாண்டு மிச்சமாகுமே?

பை மண்ணில் எறும்பும் நத்தையும் களை விதையும் சேர்ந்து வரும். வந்துவிட்டால் திருப்பி அனுப்ப முடியாது. விதையாக, சுத்தமாக, மண் இல்லாமல் கொண்டுவாருங்கள்; அதுவும் உள்ளூரில் கிடைக்காதபோது மட்டும்.

உள்ளூர் விதையிலும் ஒரு விதி: ஒரே பெரிய மரத்தின் கீழே கூடை நிரப்பாதீர்கள். குறைந்தது 30 தாய்மரம், ஒவ்வொன்றிலிருந்தும் ஏறக்குறைய சம அளவு. தென் அட்லாண்டிக்கில் உள்ள செயின்ட் ஹெலினா தீவின் எபனி என்னும் செடி அழிந்துவிட்டதென்று நம்பப்பட்டு, 1980-இல் பாறைச்சரிவில் இரண்டே இரண்டு செடிகள் கிடைத்தன. அவற்றிலிருந்து வெட்டி நட்ட தண்டுகள் வழியே இன்று ஆயிரக்கணக்கில் நிற்கின்றன, ஆனால் அத்தனைக்கும் மூலம் அந்த இரண்டுதான். ஒரு நோய் வந்தால் தாங்கும் வேறுபாடு அதில் எவ்வளவு இருக்கும்? உங்களுக்கு இன்னும் 30 மரம் மிச்சமிருக்கிறதென்றால், இந்தக் காய்ப்புப் பருவத்திலேயே ஒவ்வொன்றுக்கும் எண் எழுதித் தகடு கட்டிவிடுங்கள்.