மாமாவின் 2006 ஹேரியரா, ஈப்போவில் நிற்கும் 2015 ஹேரியரா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: மாமா தன் 2006 டொயோட்டா ஹேரியர் 2.4ஐ மலிவாகத் தருகிறேன் என்கிறார். ஈப்போ கடையில் 2015 ரெக்கோன் (ஜப்பானில் ஓடி இங்கே இறக்குமதியான) ஹேரியர் 2.0 ஒன்று நிற்கிறது. ரெண்டும் ஹேரியர்தானே, ரெண்டும் டொயோட்டாவின் சொகுசுப் பிராண்டான லெக்ஸஸ்தானே, பிறகு எதற்கு இவ்வளவு விலை வித்தியாசம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மலேசியாவில், ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட்டில் கார் ஏர்கான் பட்டறை வைத்திருப்பவன். சுற்றிலும் செம்பனைத் தோட்டம். குலை ஏற்றும் லாரிக் குத்தகைக்காரர், ஆசிரியர், பழைய கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வீட்டுப் பிள்ளைகள் என்று ஹேரியர் வைத்திருப்பவர்கள் எங்கள் ஊரில் நிறைய. முன்னால் இருக்கும் பறவைச் சின்னத்தைப் பிடுங்கிவிட்டு லெக்ஸஸ் ‘எல்’ ஒட்டிக்கொள்ளும் பழக்கமும் உண்டு. போன வருஷம் ஒரு வண்டியில் கண்டென்சரைக் கழுவ கிரில்லைக் கழற்றினால், பசை விட்டுப்போன ‘எல்’ ஒன்று உள்ளே கிடந்தது. “அண்ணே, உங்க லெக்ஸஸ் உள்ள விழுந்து கெடக்கு” என்றேன். மனிதர் சிரிக்கவில்லை.

அந்தப் பறவை, பூனைப்பருந்து. ஹேரியர் என்றால் அதுதான்.

ஆனால் ‘எல்’ ஒட்டியவர் முழுப் பொய் சொல்லவில்லை. 1997 டிசம்பரில் டொயோட்டா ஜப்பானில் ஹேரியரை விட்டது. அதுவரை உயரமான வண்டி என்றால் பஜேரோ, லேண்ட் குரூசர் மாதிரி லாரிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்த வண்டிகள்தான் பெரும்பாலும். மேடு பள்ளத்தில் நன்றாகப் போகும். உள்ளே இருப்பவர் குலுங்கிக்கொண்டே போவார். ஹேரியரைக் கேம்ரியின் அடித்தளத்தில் கட்டினார்கள். உயரம் ஜீப்புடையது, ஓட்டம் செடான் காருடையது. ஜப்பான் விளம்பரத்தில் சிங்கத் தலையோடு ஒரு மனிதன் விருந்துக்குப் போகிற கோட்டு போட்டு வருவான். சொல்ல வந்ததை அந்தப் படமே சொல்லிவிட்டது. மறு வருஷம் அதே வண்டி அமெரிக்காவில் லெக்ஸஸ் ஆர்எக்ஸ் 300 என்று விற்பனைக்கு வந்தது. ஜப்பானிலேயே லெக்ஸஸ் கடை 2005இல்தான் திறந்தார்கள். அதனால் உள்ளூரில் அது டொயோட்டா, வெளியூரில் லெக்ஸஸ். நமக்கும் வலப்பக்க ஸ்டியரிங் என்பதால் ஏபி (இறக்குமதி அனுமதி) எடுத்த வியாபாரிகள் ஜப்பான் வண்டியையே இறக்கினார்கள்.

உங்கள் மாமாவுடையது இரண்டாம் தலைமுறை, 2003இல் வந்தது. 2.4, 3.0, பிறகு 3.5 லிட்டர் என்று எஞ்சின்கள். 2005இல் 3.3 வி6 ஹைபிரிட்டும் வந்தது. சாலை வரி சிசியை, அதாவது எஞ்சின் அளவைப் பார்த்து ஏறும் நாட்டில் எங்கள் ஊருக்கு 2.4தான் சரிப்பட்டது. நானும் 2010இல் ஒரு 2005 மாடல் 240ஜி வாங்கினேன். கியர் கம்பு தரையில் இருக்காது, டேஷ்போர்டில் இருக்கும். பின் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தலாம், சாய்க்கலாம். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை போய்த் திரும்பும்போது அம்மா பின்னால் சாய்ந்து படுத்தால், வீட்டு வாசலில் எழுப்பித்தான் இறக்க வேண்டும். காலமெல்லாம் பால்மரம் (ரப்பர்) வெட்டிய முழங்கால் அது. ஏணி வைத்து ஏறுகிற உயரமும் இல்லை, குனிந்து விழுகிற தாழ்வும் இல்லை.

2009இல் பாதை பிரிந்தது. மூன்றாம் ஆர்எக்ஸ் ஜப்பானிலும் லெக்ஸஸ் பெயரிலேயே வந்தது. பழைய உடம்போடு ஹேரியரைச் சில வருஷம் ஓட்டிவிட்டு, 2013 டிசம்பரில் புது ஹேரியரை விட்டார்கள். இது டொயோட்டாவின் சின்ன ஜீப்பான ராவ்4 குடும்பம். முன் பின் சக்கர இடைவெளி 2,715 மில்லிமீட்டரிலிருந்து 2,660 ஆனது. எஞ்சின் 2.0, கியர் சிவிடி (படிப்படியாக மாறாத ஆட்டோ கியர்). ஆகவே ஈப்போவில் நிற்கும் 2015 லெக்ஸஸும் இல்லை, லெக்ஸஸின் தம்பியும் இல்லை. வேண்டுமானால் சித்தப்பா பிள்ளை. உள்ளே தோலும் தையலும் அழகு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஏற்றத்தில் மிதித்தால் சத்தம் முதலில் வரும், வேகம் பிறகு வரும். 2017இல் டர்போ சேர்த்தார்கள், அதை மறு வருஷம் இங்கேயும் அதிகாரபூர்வமாக விற்றார்கள். பட்ஜெட் இழுத்தால் டர்போவே பாருங்கள்.

பிறகு வந்தவை உங்கள் கேள்வியில் இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். 2020இல் நான்காம் ஹேரியர். பருந்தை எடுத்துவிட்டு முன்னால் டொயோட்டா சின்னம் வைத்துவிட்டார்கள், எனக்குப் பிடிக்கவில்லை. ஆர்எக்ஸ் 2015லும் 2022லும் மாறியது. கடைசியில் வி6 எஞ்சினே போய்விட்டது. ஹேரியர் எந்தத் தலைமுறையிலும் ஐந்து பேருக்குத்தான். மூன்றாம் வரிசை வேண்டுமென்றால் 2017 கடைசியில் வந்து இப்போது நின்றுபோன ஆர்எக்ஸ் எல் பழசாகத் தேடலாம், ஆனால் அந்தக் காசுக்கு டொயோட்டாவின் வெல்ஃபயர் வேன் பார்க்கலாம்.

இப்போது எதை வாங்குவது? நானாக இருந்தால் மாமா வண்டி, அதுவும் அவர் ஒருவரே ஓட்டியது என்றால். 2.4இல் டைமிங் செயின், 3.0 வி6 மாதிரி பெல்ட் மாற்றுகிற செலவு இல்லை. ஒன்றை மட்டும் கேளுங்கள்: அதில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை தாங்கும் காற்று சஸ்பென்ஷனா? ஆமாம் என்றால் காலையில் போய்ப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டி ஒரு பக்கம் படுத்திருந்தால் விலை பேசாமல் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். இந்த வயசு வண்டிக்கு வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம், கையில் ரொக்கம் வேண்டும். ரப்பர் புஷ், ஏர்கான் கம்ப்ரசர் என்று கொஞ்சம் தனியாக எடுத்து வையுங்கள்.

ஈப்போ வண்டிதான் மனசில் நிற்கிறது என்றால் ஜப்பான் ஏலத் தாளைக் கேளுங்கள். கிலோமீட்டர், அடிபட்ட இடம் எல்லாம் அதில் இருக்கும். இதைக் கேட்காமல் பட்டவன் நான். என் வண்டியை விற்றவர் மீட்டரில் 61,000 காட்டினார். ஒரு மாதம் கழித்துக் கதவு ரப்பரைத் துடைத்தபோது, ஆயில் மாற்றியதும் ஜப்பான்காரர்கள் ஒட்டும் ஸ்டிக்கரில் பாதி கிழியாமல் மிச்சம் இருந்தது. அதில் 98, அதற்குப் பிறகு கிழிசல். திரும்பப் போய்க் கேட்டேன். “அது வேற வண்டி ஸ்டிக்கர் தம்பி” என்றார்.

எதைப் பார்க்கப் போனாலும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின் சீட்டில் உட்கார வையுங்கள். மாமா வண்டியின் கிரில்லையும் ஒரு பார்வை பாருங்கள். ‘எல்’ ஒட்டியிருந்தால் ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்) குறைக்கச் சொல்லுங்கள், பருந்துச் சின்னம் தேடி வாங்க ஆகும்.