வால்ட்ஸ்: தலை சுற்றாமல் சுற்றுவது எப்படி?

கேள்வி: வியன்னா நடன விருந்து ஒன்றின் காணொளி பார்த்தேன். ஜோடிகள் விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். வால்ட்ஸ் அரண்மனையில் பிறந்த ஆட்டமா? அவர்களுக்குத் தலை சுற்றாதா, மேடம்?
- வாசகி, கோவை

பதில்: பிறந்தது கிராமத்தில், அம்மா. ஆஸ்திரியாவிலும் தென் ஜெர்மனியிலும் லெண்ட்லர் என்றொரு ஆட்டம் உண்டு. மூன்று தட்டுத் தாளத்துக்குத் துள்ளியும் தரையை உதைத்தும் ஆடுவார்கள். நகரத்து மண்டபங்களின் வழவழப்பான மரத்தரைக்கு வந்ததும் துள்ளல் குறைந்து வழுக்கி நகரும் வால்ட்ஸ் ஆயிற்று. மேட்டுக்குடியினர் ஆடிய மினுவெட் என்ற ஆட்டத்தில் கையோடு கை பட்டால் அதிகம். இங்கே ஆண் பெண்ணின் முதுகில் கை வைத்து நெருங்கிப் பிடிக்கிறான். 1816இல் இங்கிலாந்து அரசவையில் இதை ஆடியபோது 'டைம்ஸ்' நாளிதழ் ஆபாசம் என்று கண்டித்தது. அதையும் தாண்டி நின்ற ஆட்டம் என்பதாலேயே எனக்கு இதன்மேல் தனி மதிப்பு.

இனி உங்கள் தலைசுற்றலுக்கு வருகிறேன். வியன்னா வால்ட்ஸ் நிமிடத்துக்குச் சுமார் 60 ஆவர்த்தம் ஓடும். அதாவது 180 தட்டு. ஓர் ஆவர்த்தத்துக்கு அரைச் சுற்று என்றால் நிமிடத்துக்கு 30 சுற்று! சுற்றுவதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். நான் மாணவர்களிடம் பார்ப்பது மூன்றாவது அடியை மட்டும்தான். 'தகிட தகிட' என்று சொல்லிப் பாருங்கள்: முதல் 'த' வலது காலில் விழுந்தால் அடுத்த 'த' இடது காலில் விழவேண்டும். மூன்றாவது அடியில் கால்களைச் சேர்த்து, உடம்பின் எடையை முழுசாக மாற்றினால்தான் அது தானாக அமையும். பாதி எடையோடு நின்றால் அடுத்த அடிக்குத் தப்பான கால் கிளம்பும், துணைவரின் பாதம் மிதிபடும். இடப்பக்கச் சுற்றில் மட்டும், முன்னோக்கி ஆடுபவர் அந்த மூன்றாவது அடியில் கால்களைச் சேர்க்காமல் இடது காலை வலது காலுக்கு முன்னால் குறுக்கே வைப்பார்.

தலை சுற்றுவது பெரும்பாலும் தரையையோ துணைவரின் முகத்தையோ உற்றுப் பார்ப்பதால். இருவரும் அவரவர் இடப்பக்கமாக, எதிரே இருப்பவரின் தோளுக்கு மேலே பார்வையை வையுங்கள். கண் எதிலும் ஒட்டவேண்டாம். வலப்பக்கம் கொஞ்ச நேரம் சுற்றியதும் சுற்றாத ஓர் ஆவர்த்தம் போட்டு இடப்பக்கம் மாறுங்கள்.

எடுத்த எடுப்பில் வியன்னா வேகம் வேண்டாம். முதல் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் ஒழுங்குபடுத்திய மெதுவான வால்ட்ஸ் ஏறக்குறைய பாதி வேகம்தான். முதல் தட்டில் முன்வைக்கும் கால் குதிகாலில் இறங்கும். இரண்டிலும் மூன்றிலும் முன்பாதத்தில் எழும்பி, மூன்றின் முடிவில் தணியவேண்டும். அதில் கால் சேர்ப்பது கைவந்தபிறகு வேகத்தைக் கூட்டுங்கள். காலுறையோடு மட்டும் பழகாதீர்கள், மரத்தரையில் வழுக்கிவிடும்.