லினக்ஸ் மெமரி கார்டை விண்டோஸ் ஃபார்மட் செய்யச் சொன்னால்

கேள்வி: வீட்டில் ஒரு ராஸ்பெரி பை (உள்ளங்கை அளவுள்ள சின்னக் கணினி) வைத்திருக்கிறோம். மாமனார் பழைய பாட்டு கேட்பதற்காக மகன் அமைத்துக் கொடுத்தது. பாட்டெல்லாம் தனி யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. பழைய டிஸ்க் போய்விட்டதால் புதிது வாங்கினோம். மகன் இப்போது தேக்கோங்கில் அடிப்படை ராணுவப் பயிற்சியில் இருக்கிறான். அவன் போனில் சொல்லச் சொல்ல, லேப்டாப்பிலிருந்து பைக்குள் நுழைந்து எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். ரீபூட் செய்ததிலிருந்து பை எழுந்திருக்கவே இல்லை. கார்டைக் கழற்றி விண்டோஸ் லேப்டாப்பில் போட்டால் இரண்டு டிரைவ் தெரிகிறது. ஒன்று திறக்கிறது, ஆனால் அதில் அந்தக் கோப்பு இல்லை. இன்னொன்றைத் தொட்டாலே ‘ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்கிறது. ஒரே ஒரு வரியைத் திருத்த என்ன வழி? என்னிடம் இருப்பது அலுவலக லேப்டாப் மட்டும்தான்.
– வாசகி, ஈசூன்

பதில்: முதலில் ‘கேன்சல்’ அழுத்துங்கள். எத்தனை முறை கேட்டாலும் கேன்சல்தான். உங்கள் கார்டு கெடவில்லை. அதில் இருப்பதைப் படிக்க விண்டோஸுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ராஸ்பெரி பை கார்டில் இரண்டு பகுதிகள் இருக்கும். முதலாவது சில நூறு எம்பி அளவுள்ள சின்னப் பகுதி. கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகளில் ஒன்றான ஃபேட்32-இல் அது இருப்பதால் விண்டோஸில் திறக்கிறது. பையை இயக்கும் லினக்ஸ் இயங்குதளம் முழுவதும், உங்கள் மகன் செய்த அமைப்புகள் உட்பட, இரண்டாவது பகுதியில் இருக்கிறது. அது எக்ஸ்ட்4 முறை. விண்டோஸ் தானாகப் படிப்பது ஃபேட்32, எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் போன்றவற்றைத்தான். தெரியாத எதைப் பார்த்தாலும் அதைக் காலி இடம் என்று நினைத்து ஃபார்மட் செய்யக் கேட்கும். முன்பெல்லாம் கழற்றி மாட்டும் கார்டுகளில் முதல் பகுதியை மட்டுமே விண்டோஸ் காட்டியது. 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்துதான் எல்லாப் பகுதிகளையும் காட்டுகிறது. அந்த வசதியோடு இந்தத் தொல்லையும் கூடவே வந்தது.

பை ஏன் எழவில்லை என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது. எஃப்எஸ்டேப் என்பது, பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியல். அதில் டிஸ்க்கின் அடையாள எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் லினக்ஸ் அந்த இல்லாத டிஸ்க்குக்காக 90 விநாடி காத்திருக்கும். வரவில்லை என்றால் அவசர நிலைக்குப் போய் நின்றுவிடும். ராஸ்பெரி பையில் ‘ரூட்’ என்ற நிர்வாகி கணக்கு பூட்டியே இருப்பதால் அங்கிருந்தும் உள்ளே நுழைய முடியாது. டிவியில் இணைத்துப் பார்த்தால் அந்தச் செய்தி தெரியும்.

அலுவலக லேப்டாப் என்பதால் எந்த மென்பொருளையும் நிறுவச் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் அதற்கு அனுமதி இருக்காது. இருந்தாலும் டிஸ்க் டிரைவர் போன்றவற்றை நிறுவனத்தின் கணினியில் ஏற்றுவது வம்பு. நல்ல வேளையாக, உங்களுக்கு நோட்பேட் போதும். எக்ஸ்ட்4 பகுதியை விண்டோஸில் திறக்கவே வேண்டாம். பையே அதைத் திறந்து திருத்தட்டும்.

திறக்கிற அந்தச் சின்ன டிரைவில் சிஎம்டிலைன் (cmdline.txt) என்று ஒரு டெக்ஸ்ட் கோப்பு இருக்கும். முதலில் அதன் பிரதி ஒன்றை லேப்டாப்பில் எடுத்து வையுங்கள். பிறகு நோட்பேடில் திறங்கள். உள்ளே ஒரே ஒரு நீண்ட வரிதான் இருக்கும். அந்த வரியின் கடைசிக்குப் போய், ஓர் இடைவெளி விட்டு, இனிட்=/பின்/பாஷ் (init=/bin/bash) என்று சேருங்கள். ஆங்கிலச் சின்ன எழுத்துகளில், இடையில் இடைவெளி இல்லாமல். எந்தக் காரணம் கொண்டும் என்டர் தட்டாதீர்கள்; எல்லாம் ஒரே வரியில் இருந்தாக வேண்டும். சேமித்துவிட்டு, ‘இஜெக்ட்’ கொடுத்துக் கார்டை எடுங்கள்.

இப்போது பையை வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்து, ஒரு யுஎஸ்பி கீபோர்டைச் செருகி, கார்டைப் போட்டு ஆன் செய்யுங்கள். பை 4, பை 5 என்றால் மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிள் தேவை. எழுத்துகள் ஓடி முடிந்ததும் கடைசியில் # குறியோடு கர்சர் நிற்கும். ‘ஜாப் கன்ட்ரோல் இல்லை’ என்று ஏதாவது வந்தால் கண்டுகொள்ள வேண்டாம். இந்த நிலையில் கார்டு படிக்க மட்டுமே திறந்திருக்கலாம். அதனால் முதல் கட்டளை: மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ / (mount -o remount,rw / – கடைசிச் சாய்கோட்டுக்கு முன் இடைவெளி உண்டு). அடுத்து, அந்தக் கோப்பைத் திருத்தத் திறக்க, நானோ /எட்ஸி/எஃப்எஸ்டேப் (nano /etc/fstab). நீங்கள் சேர்த்த வரி கடைசியில் இருக்கும்.

அந்த வரியை அழித்துவிட்டாலே பை எழுந்துவிடும். அழிக்க மனமில்லை என்றால், அந்த வரியில் இடைவெளிகளால் பிரிந்திருக்கும் பத்திகளில் நான்காவதில் ‘டிஃபால்ட்ஸ்’ என்று இருப்பதை ‘டிஃபால்ட்ஸ்,நோஃபெயில்’ (defaults,nofail) என்று மாற்றுங்கள். காற்புள்ளிக்குப் பக்கத்தில் இடைவெளி கூடாது; இடைவெளி விட்டால் லினக்ஸ் அதை ஐந்தாவது பத்தியாக எடுத்துக்கொள்ளும். நோஃபெயில் இருந்தால் டிஸ்க் கிடைக்காவிட்டாலும் பை அதற்காக நின்றுவிடாமல் மேலே போகும். வெளி டிஸ்க்குக்கு வரி சேர்க்கும் யாரும் இந்த ஒரு சொல்லை விடவே கூடாது. உங்கள் மகனிடமும் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

சேமித்து வெளியே வர: கன்ட்ரோல்-ஓ, என்டர், கன்ட்ரோல்-எக்ஸ். அப்புறம் சிங்க் (sync) என்று ஒரு கட்டளை. எழுதியதெல்லாம் கார்டுக்குப் போய்ச் சேரட்டும். சில விநாடி பொறுத்து மின்சாரத்தை எடுத்துவிடலாம். கார்டைத் திரும்ப லேப்டாப்பில் போட்டு, எடுத்து வைத்த பழைய சிஎம்டிலைன் கோப்பை அதே இடத்தில் வையுங்கள். இதை மறந்தால் பை ஒவ்வொரு முறையும் அந்த # குறியிலேயே வந்து நிற்கும்.

சரி, இது உங்களுக்கு. ஆனால் இதே தொல்லையோடு எழுதுபவர்களில் பலருக்குத் தேவை கோப்புகளைப் பார்ப்பதும் பிரதி எடுப்பதும் மட்டுமே. அது சுலபம். சொந்த விண்டோஸ் கணினி என்றால் டிஸ்க்இன்டர்னல்ஸ் லினக்ஸ் ரீடர் என்ற இலவச மென்பொருள் போதும். அது படிக்க மட்டுமே செய்யும், கார்டில் எதையும் எழுதாது. எனக்கு அது குறையாகவே படவில்லை. பலரிடம் ஏற்கெனவே இருக்கும் 7-ஜிப்பும் எக்ஸ்ட்4 இமேஜ் கோப்புகளை (ஒரு கார்டையோ பகுதியையோ அப்படியே ஒரே கோப்பாக எடுத்த பிரதிகளை) திறக்கும். படிக்க மட்டும்தான் என்றால் மைக்ரோ எஸ்டி கார்டை நுழைக்கும் அடாப்டரின் ஓரத்தில் இருக்கும் ‘லாக்’ நகர்த்தியைக் கீழே தள்ளிவிட்டுச் செருகுங்கள். கை தவறி ஃபார்மட் அழுத்தினாலும் பெரும்பாலான ரீடர்கள் எழுத மறுத்துவிடும்.

எழுதுவதுதான் விவகாரம். எக்ஸ்ட்2எஃப்எஸ்டி என்ற இலவச டிரைவரைப் பல இடங்களில் பரிந்துரைப்பார்கள். அதன் 0.69 பதிப்பு வந்தது 2017-இல். இன்றைய லினக்ஸ் கார்டை ஃபார்மட் செய்யும்போது இயல்பாகச் சேர்க்கும் வசதிகள் சில அந்த டிரைவருக்குப் பிடிபடாதவை. அதை வைத்து எழுத நான் யாருக்கும் சொல்வதில்லை. பாரகான் நிறுவனம் விற்கும் மென்பொருள் எழுதவும் செய்யும், ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒரு வரிக்காக அதை வாங்குவது வீண்.

சொந்த லேப்டாப், நிர்வாகி அனுமதி இரண்டும் இருந்தால் விண்டோஸுக்குள்ளேயே ஓடும் லினக்ஸ் இருக்கிறது: டபிள்யூஎஸ்எல் 2. அதில் உண்மையான லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓடுவதால் எக்ஸ்ட்4 அதற்குச் சொந்த மொழி. ஆனால் இங்கே பலர் இடறுகிறார்கள். டபிள்யூஎஸ்எல் --மவுன்ட் என்ற கட்டளை ஹார்ட் டிஸ்க்குகளுக்குத்தான். பென் டிரைவுக்கும் எஸ்டி கார்டு ரீடருக்கும் அது வேலை செய்யாது என்று மைக்ரோசாஃப்டின் ஆவணமே சொல்கிறது. ரீடரை அப்படியே லினக்ஸிடம் ஒப்படைக்க யுஎஸ்பிஐபிடி-வின் என்ற தனிக் கருவி வேண்டும். லேப்டாப்பில் உள்ளேயே இருக்கும் கார்டு துளை பல மாடல்களில் யுஎஸ்பி வழியாக இணைந்திருக்காது, அதனால் அந்தக் கருவிக்கு அது தெரியாது. வெளியே செருகும் யுஎஸ்பி ரீடர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சிம் லிம் ஸ்குவேரில் எந்தக் கடையிலும் கிடைக்கும். பழைய டபிள்யூஎஸ்எல் கெர்னலில் யுஎஸ்பி சேமிப்புக்கான டிரைவர் கிடையாது என்பதால் முதலில் அதை அப்டேட் செய்வது அவசியம்.

எனக்குப் பிடித்த வழி வேறு. கார்டை நேராகத் தொடாமல், வின்32 டிஸ்க் இமேஜர் மூலம் முழுக் கார்டையும் ஓர் இமேஜ் கோப்பாக எடுங்கள். அதை டபிள்யூஎஸ்எல்லின் சொந்த ஃபோல்டருக்குள் நகலெடுத்து, லோசெட்டப் (losetup) கட்டளையை -பி (பெரிய எழுத்து -P) தெரிவோடு ஓட்டினால் உள்ளே இருக்கும் பகுதிகள் தனித்தனியாகத் தெரியும். இரண்டாவதை மவுன்ட் செய்து திருத்தி, அன்மவுன்ட் செய்து, ராஸ்பெரி பை இமேஜரால் வேறொரு கார்டில் எழுதுங்கள். தப்பாகப் போனாலும் பழைய கார்டு அப்படியே இருக்கும். ஒன்று கவனிக்க வேண்டும்: கார்டில் 5 ஜிபிதான் நிரம்பியிருந்தாலும், 32 ஜிபி கார்டின் இமேஜ் 32 ஜிபிதான். நகலும் சேர்த்தால் 64 ஜிபி இடம் வேண்டும். இரண்டு நிறுவனங்களின் 32 ஜிபி கார்டுகள் அளவில் சற்றே வித்தியாசப்படும் என்பதால் புதிதாக வாங்குவது 64 ஜிபியாக இருக்கட்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் எச்2டெஸ்ட்டபிள்யூ கருவியால் ஒருமுறை சோதித்துவிடுங்கள், போலிகள் ஏராளம்.

எழுதும் வேலையை லினக்ஸிடமே விடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளரும் அனுமதி எண்ணும் உண்டு. புதிய பை அமைப்பில் வைஃபை கடவுச்சொல் இருக்கும் நெட்வொர்க்மேனேஜர் கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாக, 600 என்ற அனுமதியோடு இருக்க வேண்டும். வேறு வழியில் எழுதி அது மாறிப்போனால், உள்ளே எல்லாம் சரியாக இருந்தும் வைஃபை இணையாது. பிழையைத் தேடி நீங்கள் எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். குற்றம் எழுத்தில் இருக்காது. பை ஓடிக்கொண்டிருக்கும்போது ஏதாவது திருத்த வேண்டும் என்றால் கார்டைக் கழற்றவே வேண்டாம். வின்எஸ்சிபி என்ற மென்பொருள் மூலம் வீட்டு நெட்வொர்க் வழியாகவே உள்ளே போகலாம்.

ஆண்ட்ராய்டு போனில் ‘உள் சேமிப்பாக’ மாற்றிய கார்டைப் பற்றியும் அடிக்கடிக் கேட்கிறார்கள். அதற்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. அது குறியாக்கம் செய்யப்பட்டது. சாவி அந்தப் போனுக்குள் இருக்கிறது. அந்தப் போனில் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஏற்கெனவே ஃபார்மட் அழுத்திவிட்டேன் என்பவர்கள் கார்டில் இனி எதையும் எழுத வேண்டாம். ‘குவிக் ஃபார்மட்’ டிக் இருந்திருந்தால் பெரும்பகுதித் தரவு இன்னும் அங்கேதான் இருக்கும். மேலே சொன்னபடி இமேஜ் எடுத்து, அந்தப் பிரதியில் மட்டும் முயலுங்கள். எக்ஸ்ட்4 தன் முக்கியத் தகவல் பலகையின் நகல்களைக் கார்டில் பல இடங்களில் வைத்திருக்கும். 4 கேபி பிளாக் உள்ள கார்டில் முதல் நகல் 32768-ஆம் பிளாக்கில் இருக்கும். இ2எஃப்எஸ்சிகே கட்டளைக்கு அந்த எண்ணைக் கொடுத்தால் பல நேரம் மீண்டுவரும். இல்லாவிட்டால் ஃபோட்டோரெக் கருவி படங்களையும் பாட்டுகளையுமாவது பெயரில்லாமல் தோண்டி எடுக்கும். டிக் இல்லாமல் முழு ஃபார்மட் ஓடியிருந்தால் விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அது எல்லா இடத்திலும் பூஜ்யம் எழுதிவிடுகிறது, அதை மீட்க வழியில்லை. உங்கள் வீட்டில் அப்படியே ஆனாலும் பாட்டெல்லாம் தனி டிஸ்க்கில்தான் இருக்கிறது. மகன் வார இறுதியில் வந்து கார்டை மட்டும் புதிதாக எழுதித் தந்தால் போதும்.