லா கொமேரா தீவில் சீழ்க்கையால் பேசுவது உண்மையா?

ஸ்பெயினுக்குச் சொந்தமான கனரித் தீவுகளுள் ஒன்றான லா கொமேராவில் மக்கள் சீழ்க்கையடித்தே பேசிக்கொள்வது உண்மையா, அதை மொழி என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். 'சில்போ' எனப்படும் அது, ஸ்பானிய மொழியையே சீழ்க்கையாக மாற்றிப் பேசும் முறை.

இதற்கான காரணம் நிலத்தில் இருக்கிறது. சுமார் 370 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த எரிமலைத் தீவு, நடுவில் 1,487 மீட்டர் உயரத்துக்கு எழுந்து, அங்கிருந்து கடலை நோக்கி ஆழமான பள்ளத்தாக்குகளாகப் பிளந்து கிடக்கிறது. எதிர்ச்சரிவில் ஆடு மேய்ப்பவர் கண்ணெதிரே தெரிந்தாலும், அவரிடம் போய்ச்சேர ஒரு மலையையே இறங்கி ஏறவேண்டும். கத்திக் கூப்பிட்டால் குரல் பாதி வழியில் கரைந்துவிடும், சீழ்க்கையோ கிலோமீட்டர் கணக்கில் தெளிவாகச் செல்லும்.

மடக்கிய விரலை வாய்க்குள் வைத்து நாக்கை அழுத்தி, மறு கையைக் குவித்து ஒலியை வேண்டிய திசைக்கு அனுப்புகிறார்கள். ஸ்பானியத்தின் ஐந்து உயிரொலிகள் இரண்டு சீழ்க்கைகளாகவும், மெய்யொலிகள் நான்காகவும் சுருங்குவதால் பல சொற்கள் ஒன்றுபோலவே ஒலிக்கும். கேட்பவர் பேச்சின் சூழலை வைத்துப் பொருளைப் பிரித்தறிகிறார். எனக்கு இதில் மிகவும் வியப்பூட்டுவது இந்தக் கேட்கும் திறன்தான்.

15ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் தீவைக் கைப்பற்றும் முன்பே தொல்குடிகள் தம் மொழியில் சீழ்க்கையடித்தனர் என்று கருதப்படுகிறது. அந்த மொழி அழிந்துபோனது, சீழ்க்கை பிழைத்தது. பிழைப்புத் தேடி மக்கள் வெளியேறியதாலும் தொலைபேசியின் வரவாலும் 20ஆம் நூற்றாண்டில் அது மங்கியபோது, 1999 முதல் பள்ளிகளில் பாடமாக்கினார்கள். 2009இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற சில்போவை இன்று தீவின் பிள்ளைகள் வகுப்பறையில் கற்கிறார்கள்.