ரீச்சரிடம் கேளுங்கள்: கோழிக்கூட்டில் இருக்கும் போத்தல்

கேள்வி: ரீச்சர், என் கணவருக்கு 2009 இல் காயப்பட்ட முழங்காலுக்கு மேலே ஒரு செல் குண்டின் துண்டு இன்னும் இருக்கிறது. மாரி தொடங்கினால் குத்து எடுத்துவிடும். கனடாவில் இருக்கும் மச்சாள், பூசச் சொல்லி ஒரு சின்னப் போத்தல் எண்ணெய் அனுப்பினா. அதில் 'பீற்றா கரியோபிலீன்' என்று இருக்கிறது. கூட வந்த தாளில், இது கஞ்சாச் செடியிலும் உண்டு என்று போட்டிருக்கிறது. மாமி அதை வீட்டுக்குள் வைக்க விடவில்லை. இப்போது கோழிக்கூட்டுக் கூரையில் சொருகிக் கிடக்கிறது. இது வெறிக்குமா? பூசலாமா?
– ஒரு வாசகி, தர்மபுரம்

பதில்: தங்கச்சி, முதலில் குசினிக்குப் போய் நாலு மிளகு எடுங்கள். அம்மியில் வைத்து ஒரே ஒரு தட்டு. அரைக்க வேண்டாம். உடனே கிட்டக் குனிந்து மணந்து பாருங்கள். தும்மல் வருவதற்குச் சற்று முன்னால், காய்ந்த பலகையை அரிந்தது போல ஒரு மணம் எழும். அந்த மர மணத்தில் கரியோபிலீனுக்குப் பங்கு உண்டு. உறைப்பு வேறு, அது மிளகிலுள்ள பிப்பரீன் என்ற வேறொரு பொருள் செய்கிற வேலை. ஆக, மாமி இத்தனை வருடமாக இரசத்தில் இட்டு உங்கள் எல்லோருக்கும் ஊற்றித் தந்த பொருள்தான் அந்தப் போத்தலில் இருக்கிறது. இதை அவவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அவ பயந்ததில் பிழை இல்லை.

கராம்பின் பழைய தாவரவியல் பெயர் கரியோபிலஸ். அதிலிருந்துதான் இந்தப் பெயர் வந்தது. கறிவேப்பிலை, துளசி, நொச்சி எல்லாவற்றிலும் இது உண்டு. நாங்கள் மீள்குடியேறி வந்த அன்று வீடும் இல்லை, வேலியும் இல்லை, கிணற்றுக் கட்டும் உடைந்து கிடந்தது. மூலையில் நின்ற நொச்சியில் ஒரு இலையைக் கசக்கி மணந்த பிறகுதான் இது எங்கள் காணி என்று எனக்கு மனம் ஒப்பியது. தடிமன் பிடித்தால் அம்மா அந்த இலையை அவித்து வேது பிடிக்க வைப்பா. அந்த மணத்துக்குள்ளும் இதே மூலக்கூறு இருந்திருக்கிறது.

சரி, கஞ்சாவுக்கு வருவோம். வெறி தருவது டி.எச்.சி. என்ற வேறு பொருள். அது மூளையில் நிறைந்திருக்கும் சி.பி.1 என்ற வாங்கியில், அதாவது கலத்துக்குச் சேதி வாங்கிக் கொடுக்கும் புரதத்தில், போய் ஒட்டுகிறது. கரியோபிலீன் ஒட்டுவது சி.பி.2 இல், அது பெரும்பாலும் நோயை எதிர்க்கும் நிர்ப்பீடனக் கலங்களில் இருப்பது. அதனால் இது வெறிக்காது. 2008 இல் சுவிற்சர்லாந்து, ஜெர்மன் ஆய்வாளர்கள் இதை எலிகளுக்கு வாயால் கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் குறைந்தது. சி.பி.2 வாங்கி இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளில் குறையவில்லை. வேலை எந்த வாசலால் நடக்கிறது என்பதை அவ்வளவு சுத்தமாகக் காட்டிய சோதனை அது. வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லையே என்ற கவலை இன்னும் உண்டு.

ஆனால் எலியின் பாத வீக்கம் வேறு, உங்கள் இவரின் காலில் இருக்கும் இரும்பு வேறு. இந்த எண்ணெய் அந்தக் குத்தை மாற்றிவிடும் என்று நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்த வேண்டாம். அந்த இடம் சிவந்து சுட்டால், நீர் கசிந்தால், அன்றைக்கே காட்டுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உள்ளே துண்டு இருப்பதை முதல் வேலையாகச் சொல்லுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்பை இழுக்கும்.

பூசித்தான் பார்க்க வேண்டும் என்றால் தனியாகப் பூச வேண்டாம், தோல் எரியும். ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் இரண்டு துளி விட்டு, முன்கையில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். ஆறாத புண்ணில் படவே கூடாது. குடிக்கவும் வேண்டாம். அப்புறம் அந்த லேபலை மகனைக் கொண்டு முழுதாக வாசிப்பியுங்கள். சி.பி.டி. அல்லது டி.எச்.சி. என்று எங்காவது இருந்தால் அது கஞ்சாவிலிருந்து எடுத்த கலவை. கனடாவில் கடையில் வாங்கலாம். இங்கே சட்டச் சிக்கல் வரும், வைத்திருக்க வேண்டாம். அப்படி ஒன்றும் இல்லையென்றால் கோழிக்கூட்டிலிருந்து எடுத்து, மூடியை இறுக்கி, வெயில் படாத அலுமாரிக்குள் வையுங்கள்.

கேள்வி: கடற்கரையில் கேரளக் கஞ்சா பொதி பிடிபட்டது என்று அடிக்கடி செய்தி வருகிறது. இறுக்கிச் சுற்றிய பொதியை நாய் எப்படி மணந்து பிடிக்கிறது, ரீச்சர்?
– உயர்தர மாணவன், முள்ளியவளை

பதில்: தம்பி, டி.எச்.சி. ஆவியாவது மிகக் குறைவு. நாயின் மூக்குக்கு வருவது மேலே சொன்ன கரியோபிலீனின் பிள்ளை. செடி காயும்போது கரியோபிலீன் காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்து கரியோபிலீன் ஒட்சைட்டாக மாறுகிறது. நாய்கள் முக்கியமாக இதைத்தான் தேடுகின்றன என்று 1973 இல் ஜெர்மனியில் கண்டார்கள். கரியோபிலீனின் சூத்திரம் C₁₅H₂₄. அதோடு ஒரு ஒட்சிசன் எந்த இரட்டைப் பிணைப்பில் சேரும் என்று கட்டமைப்பைக் கீறிப் பார். கரியோபிலீனில் நாலு காபன் கொண்ட ஒரு சின்னச் சதுர வளையமும் இருக்கும், அதை விட்டுவிடாதே.